தேறாது என்று நான் சொன்ன எஞ்சின்

1

ஒரு மனிதனுடைய கார் பரிசோதனையில் தேறக்கூடியது என்று தெரிந்துகொண்டே, அதை நான் தவறவைத்தேன். அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கோபத்தினால் செய்தேன். பினாங்கில் அரசாங்க வாகனப் பரிசோதகனாக நான் இருந்தபோது, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் இன்னும் கட்டிமுடியாத காலத்தில் இது நடந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. ஊர்ச் சங்க மலருக்கு எழுதும்படி கேட்டவர்கள், "வெளிநாட்டில் கடைசிவரை கை சுத்தமாக உத்தியோகம் பார்த்தவர்" என்று என் பெயருக்குக் கீழே போடப்போவதாக அறிவித்தார்கள். போடட்டும். அந்த வரி வருகிற பக்கத்திலேயே இதுவும் வரட்டும்.

என் தகப்பனார் பருத்தித்துறைக் கோட்டில் எழுதுவினைஞர். கோட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்த அயலவர் ஒருவர் வேலிக்கு மேலால் நீட்டிய முருங்கைக்காய்க் கட்டை அம்மா வாங்கிவிட்டா. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்வரை அப்பா அடுப்பு மூட்டவிடவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். நேர்மை என்றால் வாங்காமல் இருப்பது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒன்றுமே வாங்காமலும் ஒருவனுக்கு அநியாயம் செய்யலாம் என்பதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழுந்ததில்லை.

2

அலுவலகத்தில் நான் பெயர் எடுத்தது என் சுடுதண்ணீர்ப் போத்தலால். வீட்டிலிருந்து தேநீர் கொண்டுபோவேன். பரிசோதனைக்கு வருகிற லாரி முதலாளிகள் வாங்கிவைக்கும் காப்பியைத் தொடமாட்டேன். கூட வேலை செய்த ஹம்சா என்ற மலாய்க்காரர், "மழை வருகிறது, குடை பிடியும். மேகம் எந்த முதலாளி அனுப்பினதோ" என்று கேலி செய்வார்.

என் யாழ்ப்பாணத் தமிழும் அங்கே வேடிக்கைதான். நான் "வாருங்கோ, பொறுங்கோ" என்று சொன்னால், தமிழ் டிரைவர்கள் எனக்குப் பின்னால் நின்று அதே ராகத்தில் சொல்லிப் பார்ப்பார்கள். ஆனால் என் தீர்ப்பை யாரும் கேலி செய்ததில்லை. நான் தேறியது என்றால் தேறியது. தேறவில்லை என்றால் காரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

பெட்ரோல் விலை ஏறிய காலம் அது. டாக்சிக்காரர்கள் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பழைய ஜப்பான் வேன்களிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினைத் தங்கள் காரில் ஏற்றினார்கள். ஏற்றியபின் எங்களிடம் கொண்டுவர வேண்டும். எஞ்சின் எண்ணைச் சரிபார்ப்போம், பிரேக்கைப் பார்ப்போம், கடைசியில் புகையைப் பார்ப்போம்.

புகை பார்ப்பது எளிய வேலை. காரின் புகைக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழலைச் செருகி, வட்டமான வெள்ளைத் தாள் ஒன்றின் வழியாகப் புகையை உறிஞ்சி எடுப்போம். தாளில் படியும் கறையை, வெளிர்சாம்பலிலிருந்து கறுப்புவரை நிறம் தீட்டிய அட்டையோடு ஒப்பிடுவோம். அதற்கு ஒரு விதி மட்டும் உண்டு. டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் வெகுநேரம் ஓடினால் குழாய்க்குள் கரி சேர்ந்துவிடும். ஆகவே குழலைச் செருகுமுன் எண்ணெய் மிதியை, அதாவது ஆக்சிலரேட்டரை, நன்றாக மிதித்து, பழைய கரியை வெளியே தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் எஞ்சினின் உண்மையான புகை. மிதிக்காமல் எடுத்தால் எந்த நல்ல எஞ்சினும் தாளைக் கறுப்பாக்கும்.

3

என் ஒரே மகள் வசந்தி அப்போது புக்கிட் மெர்தாஜாமில் ஆசிரியை. காலையில் பெர்ரியில் கடலைக் கடந்து, அக்கரையில் சவரிமுத்து என்பவருடைய டாக்சியில் ஏறுவாள். அதே டாக்சியில் இன்னும் சில ஆசிரியர்களும் போவார்கள். அவர்களில் ஒருவர் ஜோசப், தமிழ்க் கத்தோலிக்கர்.

ஒரு நாள் மாலை அவள் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் நின்றபடி சொன்னாள்: "அப்பா, நானும் ஜோசப்பும் ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்."

என் மனைவி கதிரையில் இருந்துவிட்டா. நான் ஏனோ, "ஆர் சாட்சி?" என்று கேட்டேன்.

"ஜோசப்போட அக்கா. அப்புறம் சவரி அங்கிள்."

"டாக்சிக்காரனோ?"

"வேற யார்ப்பா வருவா? உங்களக் கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

வேற்று மதம் என்பது எனக்குக் கோபம்தான். ஆனால் நாளாக ஆக அது அடங்கிவிட்டது. அடங்காமல் கிடந்தது மற்றது. நான் நிற்க வேண்டிய இடத்தில், முழுக்கை மடித்த சட்டையோடு ஒரு டாக்சிக்காரர் நின்றிருக்கிறார். அவளை ஏசிக்கொண்டிருந்தபோதெல்லாம் அவளுடைய முகம் என் கண்ணுக்கு வரவில்லை. நான் பார்த்தேயிராத அந்த மனிதனின், சாட்சிக் கையெழுத்துப் போடும் கைதான் வந்தது. வசந்தி அந்த வாரமே ஜோசப்பின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

4

சில மாதங்களில் சவரிமுத்துவின் கார் எங்கள் பரிசோதனை முற்றத்துக்கு வந்தது, புதிதாக டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தார்கள்.

ஏற்றியவன் ஆ லெக் என்ற சீன மெக்கானிக். இவர்கள் இருவரும் பத்து காவான் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் என்று பிற்காலத்தில் அறிந்தேன். சவரியின் தகப்பன் பால்வெட்டுத் தொழிலாளி; ஆ லெக்கின் தகப்பனுக்குத் தோட்டத்து மளிகைக்கடை. தவழும்போதே ஆ லெக் பேசியது தமிழ். புக்கிட் மெர்தாஜாமில் தனக்கென்று பட்டறை போட்டபின், சவரியின் காரில் வேறு யாரையும் கைவைக்க அவன் விட்டதில்லை. இந்த எஞ்சினையும் எங்கோ பழைய இரும்புக்கடையில் தேடிப்பிடித்து, பிரித்துக் கழுவி, தன் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் அந்தக் காருக்குள் இறக்கியிருந்தான். முற்றத்துக்குள் டிரைவருக்கு மட்டும்தான் அனுமதி. ஆ லெக் வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சவரி என்னிடம் வந்து கும்பிட்டார். நெடுநெடுவென்ற ஆள், நல்ல சிரிப்பு. குரலைத் தாழ்த்தி, "ஐயா, பாப்பா நல்லா இருக்கு. நேத்துகூட நம்ம காடியிலதான் வந்துச்சு. அம்மா கையால சாப்பிடணும் போல இருக்குன்னு சொல்லுச்சு" என்றார்.

என் மகளைப் பற்றி நான் ஏங்கிக்கொண்டிருந்த செய்தி அது. அதைக் கொண்டுவந்தவர் நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அது நெருப்பாய்ப் பட்டது. என் பிள்ளையின் பசியை எனக்கு இவன் சொல்கிறானா?

"காரை வரிசைக் கடைசியில் விடும். எஞ்சினை நிற்பாட்ட வேண்டாம்" என்றேன்.

வெகுநேரம் அது அங்கே நின்றபடியே ஓடியது. பிறகு அழைத்தேன். மிதியை மிதிக்கவில்லை. நேராகக் குழலைச் செருகினேன். தாளில் கறுப்பு நிலா மாதிரி ஒரு கறை விழுந்தது. அதோடு விட்டிருந்தால் அவர் திருத்தி மறுபடி கொண்டுவந்திருப்பார். நான் விடவில்லை.

"இந்த எஞ்சின் தேறாது. கழற்றி எறியும்."

"ஐயா, இன்னொரு வாட்டி பாருங்களேன்."

"நான் பார்த்தது போதாதோ?"

அவர் அந்தத் தாளையும் என்னையும் பார்த்தார். "இல்லைங்க ஐயா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் வேலியருகே போய் ஆ லெக்கிடம் ஏதோ சொன்னதையும், ஆ லெக் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியதையும் கண்டேன். நான் என் போத்தலைத் திறந்து தேநீர் குடித்தேன்.

5

பேரன் பிறந்ததும் என் மனைவி ஒரு பையில் குழந்தைச் சாமான்களைக் கட்டிக்கொண்டு, "நீங்கள் வாறதெண்டால் வாங்கோ, வராட்டில் நான் போறன்" என்று படியிறங்கினா. நானும் பின்னால் போனேன். அப்படி முடிந்தது என் வைராக்கியம். வசந்தியும் ஜோசப்பும் பிறகு அக்கரையில் செபராங் ஜெயாவில் வீடு வாங்கினார்கள். பேரப்பிள்ளைகள் என்னோடு ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். கோபம் வந்தால் மலாயில் பேசுகிறார்கள். தமிழில் என் பெயரைக் கேட்டால் "தாத்தாலா!" என்று அந்த ஊர் 'லா'வையும் ஒட்டிச் சொல்கிறார்கள்.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் பெர்ரித் துறையில் டாக்சிக்கு நின்றேன். வந்து நின்ற காரிலிருந்து சவரிமுத்து தலையை நீட்டினார். ஓடி ஒளிய இடமில்லை.

"ஏறுங்க ஐயா! எவ்வளவு நாளாச்சு! அன்னைக்கு நீங்க அந்த எஞ்சின பெயில் பண்ணீங்க பாருங்க, நான் பொழச்சேன். இல்லாட்டி பாப்பாவெல்லாம் உக்காந்திருக்கையில ரோட்டுல வெடிச்சிருக்கும்."

வேறு எஞ்சின் வாங்கக் காசில்லாமல் அந்தக் காரை உடைசலுக்குக் கொடுத்துவிட்டு, அன்று முதல் இன்னொருவருடைய டாக்சியை ஓட்டுவதாகச் சொன்னார். அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் "பரவாயில்லை" என்று சொன்னேன். சொன்னேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

அதன்பின் சனிக்கிழமை தோறும் மகள் வீட்டுக்கு அவருடைய டாக்சியில்தான் போனேன். பாலம் திறந்திருந்த காலம். பின்னால் இருக்கவிடமாட்டார், முன்னால் தன் பக்கத்தில்தான். காரில் அந்தோணியார் சிலை ஒன்று இருந்தது. சில வாரங்களில் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையாரும் வந்துசேர்ந்தார். "ஐயா ஏறுறப்ப அவருக்கும் பேச்சுத்துணை வேணும்ல" என்றார். ஊரில் சண்டை முற்றி, தம்பியிடமிருந்து கடிதம் வராத மாதங்களில் நான் பேசாமல் வருவேன். அவரும் பேசமாட்டார். அக்கரை வந்ததும், "கடுதாசி வரும் ஐயா, கப்பல் லேட்டு" என்பார். பினாங்கில் எனக்கு அவரைப்போல் ஒரு சிநேகிதர் வாய்க்கவில்லை.

6

தொண்ணூறுகளின் நடுவில் சவரி மறுபடி சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினார். அதுவும் எஞ்சின் மாற்றிய கார். பரிசோதனை இப்போது பெருநிலத்தில் ஒரு புதிய நிலையத்தில், எல்லாம் கணினி. அவருக்குப் பயம் பிடித்துவிட்டது.

"ஐயா, நீங்க பக்கத்துல வந்து நின்னா போதும். உங்க மூஞ்சியப் பாத்தாலே புகை உள்ள ஓடிடும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

காதில் பஞ்சு வைத்த ஓர் இளைஞன் காரில் ஏறினான். குழலைச் செருகுமுன் மிதியை ஓங்கி மிதித்தான். பின்னால் கரிமேகம் ஒன்று கிளம்பி ஓய்ந்தது. மறுபடி மிதித்தான், புகை வெளுத்தது.

"எதுக்கு ஐயா இப்படி மிதிக்கிறான்?" என்றார் சவரி.

"குழாயைச் சுத்தம் செய்கிறான்" என்றேன். அவர் தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கார் தேறியது. சவரி சிலுவை போட்டுக்கொண்டு, பிள்ளையாருக்கும் ஒரு கும்பிடு போட்டார். திரும்பும் வழியில் சந்தோஷத்தில் வாய் திறந்துகொண்டது.

"அந்த ஆ லெக் பய மட்டும் அன்னைக்கு ஒழுங்கான எஞ்சின் போட்டிருந்தா, நான் இத்தனை வருஷம் அடுத்தவன் காடிய ஓட்டியிருக்க மாட்டேன் ஐயா. போட்டதும் போட்டுட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'அவரு மவ கல்யாணத்துக்கு நீ சாட்சி போட்டல்ல, அதான் கெழவன் பெயில் பண்ணிட்டான்'னு சொன்னான். யாரப்பத்தி என்னடா பேசுறேன்னு விட்டேன் ஒரு அறை. அவன் பட்டறையில, அவன் ஆளுங்க முன்னாடியே. அதோட சரி. அந்த ரோட்டுப் பக்கமே நான் காடிய விடுறதில்ல."

எனக்காக அறைந்திருக்கிறார். உண்மையைச் சொன்ன கன்னத்தில், தன்னோடு தவழ்ந்த சிநேகிதனின் கன்னத்தில், என் நேர்மைக்காக அறைந்திருக்கிறார்.

7

முதலில் கோழையின் வழியைத்தான் தேடினேன். என் பழைய அலுவலகத்துக்குப் போய், நான் தவறவைத்த வாகனம் ஒன்றின் முடிவைத் திருத்திப் பதிய வேண்டும் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாக் சிக், கெரேத்தா இனி சுடா தடா" என்றாள். பெரியவரே, இந்தக் காரே இப்போது இல்லை. இல்லாத காருக்கு எதைத் திருத்துவது என்று சிரித்தாள். நல்ல பிள்ளை, எனக்கு ஒரு நாற்காலியும் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவ அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை வைத்துவிட்டு, "அந்த மனுசன்ர காரிலை எப்படியப்பா இவ்வளவு காலமும் ஏறி இருந்தனீங்கள்?" என்று கேட்டா. மறுபடி சுளகை எடுத்தா. "சனிக்கிழமை சொல்லிப்போட்டு வாங்கோ. சொல்லாமல் வந்தால் இஞ்சை சோறு இல்லை."

சொன்னால் சனிக்கிழமைகள் போய்விடும். பக்கத்து இருக்கை போய்விடும். சொல்லாவிட்டால் ஆ லெக் பொய்யனாகவே சாவான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுவதும் வீட்டுக்குள் நடந்தேன்.

சனிக்கிழமை, பாலத்தின் நடுவில் வைத்துச் சொன்னேன். அங்கே காரை நிறுத்த முடியாது, அந்தத் தைரியம்தான். காரை ஓடவிட்டு வைத்ததை, மிதியை மிதிக்காததை, ஏன் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். "ஆ லெக் சொன்னது உண்மை" என்று முடித்தேன்.

செபராங் ஜெயா திருப்பம் வந்தது; சவரி திரும்பவில்லை. நேராகப் புக்கிட் மெர்தாஜாமுக்கு ஓட்டி, ஒரு பட்டறைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினார்.

"போய் அவன்கிட்ட சொல்லுங்க."

"நீரும் வாரும்."

"நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர?"

தனியாகத்தான் சாலையைக் கடந்தேன். ஆ லெக் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். முடி நரைத்திருந்தது. நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அப்பவே தெரியும்லா. சாவுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"

"அதுவும் ஒரு காரணம்தான்."

"பெயில் பண்ணீங்க, அது சரி. கோவம். ஆனா என் எஞ்சின் தேறாதுன்னு சொன்னீங்களே. அது நல்ல எஞ்சின் ஐயா."

"நல்ல எஞ்சின்தான்" என்றேன்.

"எனக்குக் கேட்டுருச்சு. அவனுக்குக் கேக்கணும்ல. சத்தமா சொல்லுங்க."

பட்டறைப் பையன்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாலையைப் பார்த்து நின்று, எந்த மேடையிலும் எழுப்பாத குரலில் கத்தினேன்: "அது நல்ல எஞ்சின்! நான்தான் பொய் சொன்னேன்!"

ஆ லெக் என்னைத் தாண்டிப் போனான். காருக்குள் சவரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆ லெக் அவரைப் பார்க்கவில்லை. காரின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"டேய், யாருடா இந்தக் குப்பையப் போட்டது? எஞ்சின் தாங்குற போல்ட்ட ஒழுங்கா முடுக்கக்கூடத் தெரியலையே! பணத்தையும் குடுத்துட்டு வந்திருக்கான், மடையன்!"

"பேசாதடா! பெயில் இல்ல, பாஸ் ஆயிருச்சு!"

"பாஸ் ஆனா? எறங்குடா கீழ, காட்டுறேன்!"

சவரி இறங்கினார். இரண்டு நரைத்த தலைகளும் மூடிக்குக் கீழே போயின. அங்கிருந்து வந்த சத்தத்தில் எது வசவு, எது அழுகை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நான் பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போனேன்.

வசந்தியிடமும் சொன்னேன். "எனக்காக நின்னதுக்கு, அவர் காரையாப்பா..." என்றவள் முடிக்காமல் எழுந்து போய்விட்டாள். சாப்பாடு ஜோசப்தான் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை டாக்சி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பெர்ரியும் பஸ்ஸுமாகப் போகப் பழகிக்கொண்டேன். செபராங் ஜெயாவில் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு காப்பிக்கடை. சனிக்கிழமைகளில் அவர்கள் இருவரும் அங்கே இருப்பதை ஒரு நாள் கண்டேன். உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றேன். சவரி தலை நிமிரவில்லை. ஆ லெக் என்னைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த அடுத்த மேசையைத் தாடையால் காட்டினான்.

அங்கே போய் இருந்தேன். அன்று முதல் சனிக்கிழமைகளில் என் இடம் அதுதான். இதுவரை சவரி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர்களுடைய பேச்சு, ஒரே மேசையில் இருக்கும் இருவருக்கு வேண்டிய சத்தத்தைவிட எப்போதும் கொஞ்சம் உரத்தே இருக்கிறது. போன வாரம் சவரி தோட்டத்துக் கங்காணி ஒருவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்ததும் ஆ லெக் மேசையைத் தட்டிச் சிரித்தான். சவரி கோப்பையை எடுக்கிற சாக்கில் மெல்லத் திரும்பி, நான் சிரித்தேனா என்று பார்த்துக்கொண்டார்.